எதைப் பொருத்துவது?



கனகராயன் ஆற்று நீரை ஏந்தி நிற்கும் இரணைமடுக் குளம் வட மாகாணத்துக் குளங்கள் யாவற்றினும் பெரியது. இரணை என்பது இரட்டை. இரண்டு மடுக்கள் ஒன்றாகிய இடம் என்பது அப்பெயரின் பொருள். பெயருக்கு ஏற்ப இவ்வூரின் பெயரைக் கேட்டவுடன் இரண்டு நினைவுகள் எழுவது இயல்பாயிற்று. ஒன்று குளத்து நீரும் அதனால் விளையும் நெல்லும். மற்றொன்று 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்ற நீண்ட போர். இவ்விரண்டுக்கும் இடையே, போரைக் கண்ணாற் கண்டிராத ஓர் இளந்தலைமுறை இப்பொழுது வளர்ந்து நிற்கின்றது. அத்தலைமுறையின் மாலைப் பொழுதுகளில் மூன்றாவது ஒன்று புகுந்துவிட்டது. அதுவே கைத்தொலைபேசியில் ஆடப்படும் துப்பாக்கி விளையாட்டு.

பாடசாலை விட்டு வந்த பிள்ளைகள் நால்வர் ஒரு மர நிழலில் அமர்ந்து, தலை குனிந்தபடி, துப்பாக்கியின் உறுப்புகளைப் பெயர் பெயராகச் சொல்லி வாதிடுவதை வன்னியின் ஊர்களில் இன்று கேட்கலாம். கேட்கின்ற தாய்தந்தையர் திடுக்கிடுகின்றனர். அவர்களுடைய திடுக்கத்திற்குக் காரணம் உண்டு. ஆயினும், பிள்ளைகள் எதைப் பற்றி வாதிடுகின்றனர் என்பதை அறியாது கடிந்துகொள்வதனாற் பயன் சிறிது. ஆகவே, அந்த வாதத்தின் பொருளாகிய துணைப்பாகத் தெரிவு என்பதைப் பற்றி இன்று சிறிது விரிவாக எண்ணிப் பார்ப்பது தகும்.

முதலில் விளையாட்டின் இயல்பு. பப்ஜி என்று பிள்ளைகள் சுருக்கி வழங்கும் இவ்விளையாட்டு, கணினியில் 2017ஆம் ஆண்டு வெளிவந்தது. பிரெண்டன் கிரீன் என்னும் அயர்லாந்து நாட்டவர் இதனை வகுத்தார். கைத்தொலைபேசிக்குரிய வடிவம் 2018ஆம் ஆண்டு உலகெங்கும் பரவியது. நூறு பேர் ஒரு விமானத்தில் ஏறி, குடை விரித்து, ஒரு தீவில் இறங்குகின்றனர். இறங்கும்போது எவரிடத்தும் படைக்கலம் இல்லை. வீடுகளிலும் களஞ்சியங்களிலும் கிடப்பவற்றைத் தேடி எடுத்தல் வேண்டும். நேரம் செல்லச் செல்ல ஆடுகளத்தின் எல்லை வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். வட்டத்திற்கு வெளியே நின்றால் உயிர் தேயும். ஈற்றில் எஞ்சி நிற்கும் ஒருவர் அல்லது ஒரு குழு வென்றதாகக் கொள்ளப்படும். பிரீ பயர் என்னும் மற்றொரு விளையாட்டும் இத்தகையதே. அதில் ஆடுவோர் ஐம்பதின்மர். ஆட்டமும் விரைவில் முடியும். பெரிய விலை கொடுத்து வாங்காத எளிய கைத்தொலைபேசியிலும் அது இயங்குவதால் நாட்டுப்புறங்களில் அதற்குச் செல்வாக்கு மிகுதி.

இனித் துணைப்பாகங்கள். பப்ஜியில் ஒரு துப்பாக்கியிற் பொருத்தக்கூடிய முதன்மையான இடங்கள் ஐந்து: குழல்வாய், முன்பிடி, ரவைக்கூடு, பின்தாங்கி, குறிகாட்டும் கண்ணாடி. எல்லாத் துப்பாக்கிகளும் இந்த ஐந்தையும் ஏற்பதில்லை. எம்-416 என்னும் துப்பாக்கி ஐந்தையும் ஏற்கும். ஏ.கே.எம். என்பது இவற்றுள் குழல்வாய், ரவைக்கூடு, கண்ணாடி ஆகிய மூன்றை மட்டுமே ஏற்கும். முன்பிடிக்கும் பின்தாங்கிக்கும் அதில் இடமில்லை. ஆயின் ஏ.கே.எம். பாய்ச்சும் ரவை பெரியது. ஒவ்வோர் அடியும் வலியது. எனவே, எளிதில் அடக்கமுறாத வலிய கருவி ஒன்று. துணைப்பாகங்கள் நிறைந்தால் நன்கு அடங்கும் கருவி மற்றொன்று. தேடலின் தொடக்கத்திலே துணைப்பாகம் ஒன்றும் கிடைக்காத நிலையில், எம்-416 தன் முழு நலனைக் காட்டாது. இதனை அறிந்த ஆட்டக்காரன், கையில் உள்ள பாகங்களைக் கருதியே துப்பாக்கியைத் தெரிகிறான். அறியாதவன் பெயரைக் கேட்டு எடுக்கின்றான்.

குழல்வாயை எடுத்துக்கொள்வோர் மூன்றனுள் ஒன்றைத் தெரிதல் வேண்டும். கொம்பன்சேற்றர் எனப்படுவது துப்பாக்கியின் உதைப்பை நன்கு குறைக்கும். ஆயினும் வெடியின் ஒளியும் ஒலியும் மறையா. ஒளிமறைப்பி வெடியின் ஒளியை மறைத்து உதைப்பையும் ஓரளவு குறைக்கும். ஒலியடக்கி ஒலியையும் ஒளியையும் அடக்கும். உதைப்பை அது குறைப்பதில்லை. கைத்தொலைபேசி விளையாட்டில், வெடி எத்திசையில் எழுந்தது என்பதைத் திரையின் மூலையிலுள்ள சிறு வரைபடம் எதிரிக்குக் காட்டிக் கொடுக்கும். ஆதலால் மறைந்திருந்து சுடுபவனுக்கு ஒலியடக்கி பெருந்துணை. நேர்நின்று தொடர்ந்து சுடுபவனுக்கோ அது வீண். அவனுக்குக் கொம்பன்சேற்றரே தகும். மூன்றும் ஒருங்கே கையிலிருந்தாலும் பொருந்துவது ஒன்றே. மற்றை இரண்டையும் விட்டே ஆக வேண்டும்.

முன்பிடியிலும் இவ்வாறே. நெட்டுப்பிடி துப்பாக்கி மேல்நோக்கி எழுவதைத் தடுக்கும். சாய்பிடி பக்கவாட்டில் அலைவதைத் தடுக்கும். அரைப்பிடி இரு திசை உதைப்பையும் குறைத்து, துப்பாக்கியின் அசையா நிலையைச் சிறிது கெடுக்கும். பெருவிரற்பிடி கண்ணாடியை விரைவாகக் கண்ணுக்குக் கொண்டுவரும். இவற்றுள் எது சிறந்தது என்று கேட்பவனுக்கு விடை இல்லை. திரையைப் பெருவிரலாற் கீழ்நோக்கி இழுத்துத் துப்பாக்கியை அடக்கப் பழகியவனுக்கு மேலெழும் உதைப்பு ஒரு பொருட்டன்று. அவன் சாய்பிடியை நாடுவான். அப்பழக்கம் வாய்க்காதவனுக்கு நெட்டுப்பிடி நன்று. இங்கே தெரிவைத் தீர்மானிப்பது ஆட்டக்காரனுடைய கை. அண்ணனுக்குப் பொருந்தியது தம்பிக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை.

ரவைக்கூட்டிலே, நீட்டிய கூடு முப்பது ரவைகளை நாற்பதாக்கும். விரைவுக்கூடு மாற்றும் நேரத்தைக் குறைக்கும். இரண்டு நலனும் ஒருங்கமைந்த கூடும் உண்டு. அது கிடைத்தால் ஆராய்ச்சி வேண்டியதில்லை. எடுத்துப் பொருத்துவதே முறை. எல்லாத் தெரிவிலும் இழப்பு உண்டென்று சொல்வது மிகை என்பதற்கு இக்கூடு சான்று. அது கைக்கு எட்டாதபோது, ஒருவனோடு மட்டும் பொருத வேண்டிய இடத்தில் விரைவும், பலர் எதிர்வரும் இடத்தில் எண்ணிக்கையும் பயன்படும். பின்தாங்கி என்பது துப்பாக்கியின் அலைவைத் தணிப்பது. அதனை ஏற்கும் துப்பாக்கிகள் சில. ஏற்காத துப்பாக்கியை வைத்துக்கொண்டு பின்தாங்கியைப் பையிற் சுமந்து திரிவது புதியவர்களிடம் காணப்படும் பிழை. பைக்கும் கொள்ளளவு உண்டு. பயன்படாத பாகம் ஒன்று, காயத்துக்கு இடும் மருந்துக்குரிய இடத்தை அடைத்துக்கொள்ளும்.

கண்ணாடியைப் பற்றியே பிள்ளைகளிடையே மிகுந்த ஆசையும் மிகுந்த மயக்கமும் காணப்படுகின்றன. பெருக்கம் இல்லாத செம்புள்ளிக் கண்ணாடி முதலாக, இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, எட்டு மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடிகள் வரை உண்டு. எட்டு மடங்குக் கண்ணாடி தொலைவிலிருந்து ஒவ்வொன்றாகச் சுடும் துப்பாக்கிகளுக்கே பொருந்தும். ஆறு மடங்குக் கண்ணாடியைத் தொடர்ந்து சுடும் துப்பாக்கியிலும் பொருத்தலாம். அதனைக் குறைத்து மூன்று மடங்காக்கவும் இயலும். பெருக்கம் கூடக் கூடத் தொலைவிலுள்ளது அருகில் வரும். அதே வேளையில் சுற்றியுள்ளது மறையும். துப்பாக்கியின் சிறு அசைவும் பெரிதாகத் தோன்றும். தொலைவில் நிற்பவனை ஆறு மடங்குக் கண்ணாடியில் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பவன், பக்கத்துக் கதவால் நுழைந்தவனைக் காண்பதில்லை. பெரிய கண்ணாடியே பெருமை என்று கருதி வீட்டினுள்ளும் அதனைப் பொருத்தி நிற்பவன் விரைவில் ஆட்டத்தை இழக்கிறான்.

இத்தகைய ஆட்டத்தைப் பார்த்திருக்கும் தந்தை ஒருவர், "தம்பி, கிடைச்ச பெரிய கண்ணாடியை ஏன் கழட்டிப் போட்டாய்?" என்று கேட்டால், மகன் தலை நிமிராமலே, "இப்ப வீட்டுக்குள்ள போறன், அப்பா. உள்ளுக்கை அது உதவாது. வெளியால வந்தாப் பிறகு போடலாம்" என்பான். இச்சிறு விடையிலே தெரிவின் இலக்கணம் முழுவதும் அடங்கியிருக்கிறது. எங்கே நிற்கிறேன், எதிரி எவ்வளவு தொலைவில் நிற்பான், என் கை எதற்குப் பழகியது, அடுத்து எங்கே செல்ல வேண்டும் என்ற வினாக்களுக்கு விடை கண்ட பிறகே அவன் பாகத்தைப் பொருத்தினான்.

தேர்ந்த ஆட்டக்காரர்கள் இதற்கு மேலும் இரண்டு நெறிகளைக் கைக்கொள்கின்றனர். விளையாட்டினுள்ளேயே பயிற்சிக் களம் ஒன்றுண்டு. அங்கே ஒரு சுவரை நோக்கி, பாகம் எதுவுமின்றி ஒரு கூட்டு ரவையைச் சுட்டு, சுவரிற் பதிந்த தழும்புகளைப் பார்க்கின்றனர். பின்பு ஒரே ஒரு பாகத்தைப் பொருத்தி மறுபடியும் சுடுகின்றனர். தழும்புகள் எத்திசையில் ஒடுங்கின என்பதைக் கண்டு அப்பாகத்தின் பயனை அறிகின்றனர். ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாற்றாது வைத்து நோக்கும் இம்முறை, விஞ்ஞான ஆய்வுகூடத்தில் ஆசிரியர் கற்பிக்கும் முறையேயாகும். இரண்டாவது நெறி பகிர்வு. நால்வர் குழுவில், தொலைவுத் துப்பாக்கி வைத்திருப்பவனிடம் பெரிய கண்ணாடியை ஒப்படைப்பதும், தனக்கு வேண்டாத ரவையைத் தோழனிடம் கொடுப்பதும் குழுவின் வெற்றிக்கு வழி. எல்லாவற்றையும் தானே அணிந்து நிற்பவன் அழகாகத் தோன்றுவான். அவனுடைய குழு தோற்கும்.

இங்கே இரணைமடுவின் விவசாயியை எண்ணிப் பார்க்கலாம். இவ்விளையாட்டு அவனுக்கு விளங்காததன்று. ஆண்டுதோறும் சிறுபோகத்திற்கு முன் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகிறது. குளத்தில் நிற்கும் நீர் இவ்வளவு. அதற்கு இவ்வளவு வயலே விதைக்கலாம். எந்த வாய்க்காலில் எத்தனை நாளைக்கு ஒரு முறை நீர் விடலாம் என்று அங்கே தீர்மானிக்கின்றனர். கூடிய விளைச்சல் தரும் நெல்லினம் கூடிய நாளும் கேட்கும்; கூடிய நாள் கூடிய நீரைக் கேட்கும். ஆகவே, நீர் குறைந்த ஆண்டில் குறைந்த வயதுடைய இனத்தை விதைப்பவனே அறுவடையைக் காண்பான். மற்றவர்க்கு நீர் விட்டுக்கொடாதவன் வாய்க்காலின் கடைக்கோடியில் உள்ளவனை வாட வைப்பான். தந்தை கூட்டத்தில் எண்ணுவதையே மகன் திரையில் எண்ணுகின்றான். இதனை இருவரும் ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை என்பதுதான் குறை.

ஆயினும் இவ்வொப்புமையோடு நின்றுவிடுதல் நேர்மையாகாது. வன்னியிலே துப்பாக்கி என்ற சொல்லுக்கு உள்ள பாரம் வேறெங்கும் இல்லாதது. திரையிலே தோன்றும் ஏ.கே.எம். என்பது 1959ஆம் ஆண்டு சோவியத் நாட்டிலே வழக்கிற்கு வந்த மெய்யான படைக்கலம். அதே குடும்பத்தைச் சேர்ந்த சீன நாட்டு ரி-56 என்னும் துவக்கே இலங்கைப் போரில் இரு தரப்பினர் கையிலும் பெரிதும் விளங்கியது. கிளிநொச்சி நகரம் 2009ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் கைமாறியது. இரணைமடுவில் இருந்த வானோடுபாதையும் அம்மாதமே கைமாறியது. அக்காலத்தில் இவ்வூர்களை விட்டுப் பெயர்ந்து, கிழக்கு நோக்கி நடந்து, உற்றாரை இழந்து மீண்டவர்களே இன்றைய பிள்ளைகளின் பெற்றோர். மகனுக்கு ஒரு வடிவமாகத் தெரிவது தாய்க்கு ஓர் ஒலியாக நினைவிருக்கிறது. கைத்தொலைபேசியின் ஒலியைக் கூட்டி மகன் விளையாடும்போது சமையலறையிலே தாய் கை நின்று போவதற்கு இதுவே காரணம்.

விளையாட்டில் உள்ள ஐந்து இடங்களுள் விளைவு என்பதற்கு இடமில்லை. வீழ்ந்தவன் சிறிது நேரத்தில் மறுபடியும் விமானத்தில் ஏறிவிடுகின்றான். மெய்யான படைக்கலத்தின் கதை ஆட்டம் முடிந்த பின்பே நீள்கிறது. போர் முடிந்து பதினைந்து ஆண்டுகள் கடந்தும் வன்னி மண்ணில் கண்ணிவெடி அகற்றும் பணி ஓயவில்லை. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017ஆம் ஆண்டு டிசெம்பரில் இணைந்தது. முழந்தாளிட்டு, சாண் சாணாக நிலத்தைச் சோதித்து முன்னேறும் அப்பணியாளர்களுள் வன்னிப் பெண்கள் பலர் உளர். விளையாட்டின் வட்டம் அரை மணி நேரத்தில் சுருங்கிவிடும். மண்ணிலுள்ள ஆபத்தின் வட்டத்தைச் சுருக்கப் பல்லாண்டுகள் செல்கின்றன. இதனைப் பிள்ளைக்குச் சொல்லக்கூடியவர் அவ்வீட்டுப் பெரியவரே. எந்த நிறுவனம் வெளியிடும் விளையாட்டும் இதனைச் சொல்லித் தராது.

அவ்வாறெனில் விளையாட்டைத் தடுத்துவிடலாகாதா என்று வினவுவோர் உளர். இந்திய அரசு 2020ஆம் ஆண்டு செப்ரெம்பர் 2ஆம் நாள் பப்ஜியை வேறு பல செயலிகளோடு சேர்த்துத் தடை செய்தது. பிள்ளைகளின் நலம் கருதிய தடையன்று அது. நாட்டின் பாதுகாப்பே காரணமாகக் கூறப்பட்டது. அடுத்த ஆண்டே அவ்விளையாட்டு இந்தியாவுக்கென வகுத்த வேறு பெயரில் மீண்டது. பின்பு நிறுத்தப்பட்டு, 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் மறுபடி வந்தபோது, 18 வயதுக்குக் குறைந்தோர் நாளொன்றுக்கு 3 மணிநேரமே ஆடலாம் என்ற வரம்போடு வந்தது. சீன நாட்டிலே 2019ஆம் ஆண்டு இதற்கு ஈடாக வெளிவந்த விளையாட்டில், சுடப்பட்டவன் குருதி சிந்துவதில்லை. கையசைத்து விடைபெற்றுச் செல்கின்றான். 2023ஆம் ஆண்டு ஹாங்சௌ நகரில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவிலே இவ்விளையாட்டின் தனி வடிவமொன்று பதக்கப் போட்டியாக இடம்பெற்றது. அங்கே ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் சுடவில்லை. ஊர்திகளில் விரைந்து சென்று இலக்குப் பலகைகளைச் சுட்டனர். சீனா பொன்னும் தென்கொரியா வெள்ளியும் பெற்றன. குறி, விரைவு, குழு ஒற்றுமை, துணைப்பாகத் தெரிவு ஆகியவற்றைக் கொலையினின்று பிரித்தெடுக்க இயலும் என்பதை அப்போட்டி காட்டிற்று.

பெற்றோர் அறிய வேண்டியது மற்றொன்றும் உண்டு; அது பணம். பப்ஜியில் துப்பாக்கிக்குப் பூசும் வண்ணங்கள் காசுக்கு விற்கப்படுகின்றன. அவை பெரும்பாலும் அழகுக்கே உரியன. மேலே கூறிய துணைப்பாகங்களோ ஆடுகளத்தில் எவரும் தேடி எடுக்கக்கூடியவை. பிரீ பயர் விளையாட்டிலோ சில வண்ணங்கள் துப்பாக்கியின் ஆற்றலையே சிறிது மாற்றுகின்றன. அங்கும் ஒன்று கூடினால் மற்றொன்று குறைவதே வழக்கம். இதற்காகத் தந்தையின் வங்கி அட்டையை அறியாமல் எடுக்கும் பிள்ளை, கண்ணாடியைக் கழற்றி வைக்கத் தெரிந்தும் தன் ஆசையைக் கழற்றி வைக்கத் தெரியாதவன் ஆகின்றான். எட்டுப் பேர் எஞ்சி நிற்கும் வேளையிலே தாய் உணவுக்கு அழைத்தால் எழ முடியாத பிள்ளையும் அத்தகையவனே. உலகச் சுகாதார நிறுவனம் இதனைக் கருதியே, கட்டுமீறிய விளையாட்டுப் பழக்கத்தை ஒரு நோயாகத் தன் பட்டியலிற் சேர்த்து, அப்பட்டியலை 2022ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. விளையாடுவோர் எல்லாரும் நோயாளர் என்பது அதன் பொருளன்று. உணவும் உறக்கமும் கல்வியும் கெட்டுவருவது கண்டும், மாதக்கணக்காக நிறுத்த இயலாத நிலையே நோய் எனப்படும்.

இனிப் பெரியோர் செய்யத்தக்கது யாது? பிள்ளையின் அருகே ஒரு மாலை அமர்ந்து, "இதை ஏன் பொருத்தினாய்? அதை ஏன் விட்டாய்?" என்று கேட்கலாம். பிள்ளை காரணம் சொல்லத் தொடங்குவான். எதிரே கேட்பவர் கடிவதற்காக அன்றி அறிவதற்காகவே கேட்கிறார் என்று தெரிந்தால் நெடுநேரம் சொல்லுவான். அவன் சொல்லி முடித்த பின்பு, அதே வினாவைத் திரைக்கு வெளியே கேட்பது எளிது. சாதாரண தரப் பரீட்சைக்கு எட்டு மாதம் இருக்கின்றது. நாளொன்றில் இருப்பது இவ்வளவு நேரம். இதில் எதைப் பொருத்துவது, எதை விடுவது? உயர்தரத்தில் எப்பாடத்தை எடுப்பது? தோழன் எடுத்தான் என்பதற்காகவா, தன் கைக்குப் பழகியது என்பதற்காகவா? அரைப்பிடிக்கும் சாய்பிடிக்கும் வேற்றுமை கூறத் தெரிந்த மாணவனுக்கு இவ்வினாக்கள் விளங்காமற் போகா.

அதன்பின் பெரியவர் தம் கதையைச் சொல்லலாம். எந்தத் துவக்கின் ஒலி எத்திசையிலிருந்து வந்தது, எதை எடுத்துக்கொண்டு புறப்பட்டனர், எதை விட்டுச் சென்றனர் என்று சொல்லலாம். அன்று ஒரு பையளவே சுமக்க முடிந்தது. அரிசியா, பிறப்புச் சான்றிதழா, குழந்தையின் பால்மாவா என்று தெரிய வேண்டியிருந்தது. அத்தெரிவில் ஒரு முறை தவறினாற் பின்பு திருத்த வழியில்லை. இதனைக் கேட்ட பிள்ளை விளையாட்டை விட்டுவிடுவான் என்று எவரும் உறுதி கூற இயலாது. ஆனால் அடுத்த முறை விளையாடும்போது, தாய் அடுத்த அறையில் இருப்பதை எண்ணி ஒலியைக் குறைத்து வைப்பான். வன்னி வீடுகளிலே அதுவும் பொருத்த வேண்டிய ஒன்றுதான்.